பிர்கியா, ஷிரின்ஜேயா, திரேயா? இஸ்மிரிலிருந்து ஒரு நாள் பயணம்

துருக்கியின் இஸ்மிரில் ஒரு நாள் மிச்சமிருக்கிறது, பழைய ஒட்டோமான் ஊர் ஒன்றை அமைதியாகச் சுற்ற வேண்டும் என்று சொன்னால், பெரும்பாலானவர்கள் ஷிரின்ஜேவைத்தான் கைகாட்டுவார்கள். அதைவிட்டால் பிர்கி, திரே என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. மூன்றுமே மலைச்சரிவில் உள்ளவை, மூன்றுக்கும் காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம். எது அழகு என்று பார்ப்பதற்கு முன், போகப்போவது என்ன கிழமை என்று பாருங்கள். பாதி முடிவு அதிலேயே வந்துவிடும்.

போக்குவரத்தில் ஷிரின்ஜேதான் சுலபம். இஸ்மிரின் பஸ்மனே ரயில் நிலையத்தில் தெனிஸ்லி போகும் ரயிலில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் செல்ச்சுக் என்ற ஊர். இஸ்பான் புறநகர் ரயிலிலும் வரலாம், ஆனால் தெபேக்கோய் நிலையத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும். செல்ச்சுக்கிலிருந்து ஷிரின்ஜே 8 கி.மீ.; டோல்முஷ் எனப்படும் சிற்றுந்து அடிக்கடி கிளம்பும், நம் ஊர் ஷேர் ஆட்டோ போலத்தான். 1923-ல் கிரீஸுக்கும் துருக்கிக்கும் இடையே முடிவான மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம்வரை இங்கே வாழ்ந்தவர்கள் கிரேக்க மொழி பேசிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். அவர்கள் போன பிறகு கிரீஸிலிருந்து வந்த முஸ்லிம்கள் அந்த வீடுகளில் குடியேறினார்கள். ஆகவே வெள்ளைச் சுவரும் ஓட்டுக்கூரையும் அடுக்கடுக்காக ஏறும் அந்தக் காட்சி ஒட்டோமான் காலத்துக் கிரேக்கக் கிராமத்தினுடையது. பள்ளிவாசலும் மதரசாவும் உள்ள பழைய நகரத்தைத் தேடி வருபவர் ஏமாறுவார்.

வார இறுதியில் இந்த ஊர் தாங்காது. மலைப்பாதை குறுகல், கார்கள் வரிசைகட்டி நிற்கும், சந்துகளில் மல்பெரி, மாதுளை, பீச் பழ ஒயின்களை ஊற்றிக்கொடுத்து விற்பவர்களைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். அந்த ஒயின் பெரும்பாலும் சிரப் போலத் தித்திக்கும். இரண்டு வாய் ருசித்துவிட்டு நகர்வது நல்லது. இத்தனைக்கும் ஊரின் பழைய பெயர் சிர்கின்ஜே, 'அசிங்கமானது' என்ற பொருள் தொனிக்கும் பெயர்! செவ்வாய், புதன் போன்ற நாளில் காலை பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்தால் மேல்தெருக்களில் காலடிச் சத்தம்கூடக் கேட்கும். எபேசஸ் என்ற பண்டைய நகரத்தின் இடிபாடுகளையும் அதே நாளில் பார்ப்பதானால் ஷிரின்ஜேக்கு இரண்டு மணி நேரம் போதும்.

அமைதிதான் வேண்டுமென்றால் பிர்கி. அதே பஸ்மனேயில் ஓதெமிஷ் என்ற ஊருக்குப் போகும் ரயிலில் ஏற வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும், அங்கிருந்து பிர்கிக்கு மறுபடி டோல்முஷ். சலிப்பூட்டும் இந்தத் தூரம்தான் கூட்டத்தையும் தடுத்து வைத்திருக்கிறது. போஸ்தாக் மலையின் தெற்கடிவாரத்தில், ஓடை ஊருக்கு நடுவே இறங்கும் இடம் இது. ஒட்டோமான்களுக்கு முன்பே அய்தினோகுல்லாரி சிற்றரசின் தலைநகரமாக இருந்தது. 1330-களில் மொரோக்கோ பயணி இப்னு பத்தூதா வந்தபோது, வானத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லி ஒரு கருங்கல்லை அரசர் அவருக்குக் காட்டினார். கல்தச்சர்கள் சம்மட்டியால் அடித்தும் அதில் கீறல் விழவில்லை என்று அவர் எழுதி வைத்திருக்கிறார்.

அதே அரசர் மெஹ்மெத் பே 1312-ல் கட்டியது உலு ஜாமி என்ற பெரிய பள்ளிவாசல். வெளியே தென்கிழக்கு மூலையில் பழைய பளிங்குச் சிங்கம் ஒன்று சுவரோடு பதிந்திருக்கிறது. பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். உள்ளே வால்நட் மரத்தில் செய்த மிம்பரை, அதாவது பிரசங்க மேடையை, நிதானமாகப் பாருங்கள். 1322-ல் செய்தது. சிறு சிறு பலகைகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்து இணைக்கும் முறை. மரம் வறட்சியில் சுருங்கினாலும் ஈரத்தில் விரிந்தாலும் பலகை பிளக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அதன் கதவு 1990-களில் திருடுபோய் லண்டனில் அகப்பட்டுத் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் போனால் இதையெல்லாம் பார்க்க முடியாது. பெண்கள் தலையை மூடத் துணி எடுத்துச் செல்ல வேண்டும்.

அடுத்து சகிராகா மாளிகை, 18-ஆம் நூற்றாண்டு வணிகர் ஒருவருடைய மூன்று மாடி வீடு. கீழ்த்தளம் கல், மேலே மரச்சட்டம். நடுமாடி தாழ்ந்த கூரையோடு குளிர்காலத்துக்கு, மேல்மாடி காற்றோட்டமாகக் கோடைக்கு. மேல் அறைகளில் ஒன்றில் இஸ்தான்புல்லும் இன்னொன்றில் இஸ்மிரும் சுவரோவியமாக உள்ளன. வணிகரின் இரண்டு மனைவியருக்கும் பிறந்த ஊர் ஏக்கம் வராமலிருக்க வரைந்தது என்பார்கள். கதை எப்படியோ, ஓவியம் அருமை. திங்கட்கிழமை மாளிகை பூட்டியிருக்க வாய்ப்பு உண்டு. பழுதுபார்ப்புக்காகவும் மூடுவார்கள் என்பதால் கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை பிர்கிக்குப் போனால் ஓதெமிஷின் பெரிய வாரச்சந்தையும் சேர்ந்து கிடைக்கும். சந்தையை முதலில் முடியுங்கள், பிற்பகலில் கடைகள் கலையத் தொடங்கிவிடும். ஆனால் வாங்கிய மூட்டையோடு பிர்கியின் கல் பாவிய ஏற்றத்தில் நடப்பது கொடுமை. கார் இருந்தால் சுமார் 1,050 மீட்டர் உயரத்தில் உள்ள கோல்ஜுக் ஏரிவரை ஏறலாம், இல்லாவிட்டால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

திரே செவ்வாய்க்கிழமைக்கு மட்டும். அன்று சந்தை தெருத்தெருவாகப் பரவும், அமைதி இருக்காது. வசந்தத்தில் காட்டுக்கீரைகள் குவியும். சுடுநீரும் சோப்பும் தெளித்துக் கம்பளி ரோமத்தை உருட்டி அமுக்கிக் கெட்டித்துணி செய்யும் பட்டறைகள் இங்கே இன்னும் உண்டு. கம்பியில் சுட்ட இறைச்சி உருண்டையான திரே கொஃப்தே மதியச் சாப்பாட்டுக்குத் தாராளம்.

மூன்றிலும் பயணம் கெடுவது திரும்பும்போதுதான். கடைசி டோல்முஷ் இருட்டும்வரை ஓடும் என்று நம்பாதீர்கள், குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம் நின்றுவிடும். இறங்கும்போதே ஓட்டுநரிடம் "சோன் அரபா காச்தா?" என்று கேளுங்கள், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று அர்த்தம். பதிலை எழுதிக் காட்டச் சொல்லி, அதற்கு முந்தைய வண்டியிலேயே ஏறிவிடுங்கள். ஓதெமிஷில் ரயிலைத் தவறவிட்டால் இஸ்மிர் பேருந்து நிலையத்துக்கு மினிபஸ் கிடைக்கும்.