வீட்டு ஜிம்முக்கு 20 கிலோ டம்பெல் செட்

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட வீடு உள்ளவர்கள் அதிகம் செலவில்லாமல் ஜிம் போடுவதென்றால் முதலில் வாங்க வேண்டியது தட்டு மாற்றுகிற இந்த டம்பெல் செட்தான், பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். தோள், நெஞ்சு, முதுகு எல்லாவற்றுக்கும் இது ஒன்றே சமாளிக்கும்.

விலை குறைவென்று சீமெந்து நிரப்பிய பிளாஸ்டிக் தட்டை எடுக்காதீர்கள். இரும்பை விட மிகவும் தடிப்பு, நாலைந்து தட்டுப் போட்டவுடனேயே கம்பியில் இடம் முடிந்துவிடும், கீழே விழுந்தால் ஓரம் வெடித்துத் தூள் கொட்டும். நான் எடுத்தது வார்ப்பிரும்பு.

இரும்புக்கு எதிரி எங்கள் உப்புக்காற்று. கம்பியில் முதலில் கறள் பிடிப்பது மரை இருக்கிற இடத்தில்தான், கை வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், பிறகு தட்டுகளைப் பிடிக்கிற நட்டு ஒழுங்காக இறுகாது, தலைக்கு மேலே தூக்கும்போது அது ஆபத்து. ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைத்து, மரையில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். நட்டுக்குள் றப்பர் வளையம் இருக்கிறதா என்று கடையிலேயே கழற்றிப் பாருங்கள். எனக்குத் தந்த நட்டு ஒன்றில் அது இல்லை, கேட்டதும் மாற்றித் தந்தார்கள்.

பெஞ்ச் இப்போதைக்கு வேண்டாம், தரையில் படுத்தே நெஞ்சுக்குச் செய்யலாம். டைல்ஸ் தரையென்றால் தடித்த றப்பர் விரிப்புக் கட்டாயம். அப்புறம், ஏற்கெனவே பாரம் தூக்கிப் பழகியவர்களுக்குக் காலுக்கு 20 கிலோ காணாது, அவர்கள் நீளக் கம்பியோடு வருகிற செட்டைப் பார்க்கலாம்.