பெட்டியின் மேல் ஆறு, உள்ளே நான்கு: ஃப்ளை லைன் வாங்குவோர் கவனத்துக்கு

மேட்டூருக்குக் கீழே காவிரியில் ஃப்ளை தூண்டில் (பூச்சிபோல் முள்ளில் கட்டிய இறகை வீசி மீன் பிடிப்பது) போட விரும்பி, அதற்கான கனத்த தூண்டில் நரம்பான லைனைச் சேலத்தில் தேடுகிறவர்கள் நான் ஏமாந்த விதத்தை அறிந்திருக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். சென்ற நவம்பரில் உறவினர் ஒருவர் தம்முடைய ஒன்பதடி ராடை (தூண்டில் கோலை) எனக்குக் கொடுத்தார். கார்க் பிடிக்குச் சற்று மேலே அதில் ஆறு என்ற எண் அச்சிடப்பட்டிருந்தது. அதை நகருக்குள் இருக்கும் ஒரு கடைக்கு எடுத்துச் சென்று, இதற்குப் பொருந்தும் லைன் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைத்து, "இது அதுக்குன்னே வந்ததுங்க சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார். பெட்டியின் ஓரத்தில் 'டபிள்யூ.எஃப். 6 எஃப்.' என்று அச்சிட்ட ஒட்டுத்தாள் இருந்தது. முன்பாகம் கனத்த, ஆறாம் எண் எடையுள்ள, மிதக்கும் லைன் என்பது அதன் பொருள். விலை 3,800 ரூபாய். ரசீதில் 'ஃப்ளை லைன் – 1' என்று மட்டும் எழுதியிருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

அந்த எண் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு முன்னே பறந்து நரம்பை இழுத்துச் செல்கிறது. ஃப்ளை தூண்டிலிலோ முள்ளில் கட்டிய இறகுக்கு ஏறக்குறைய எடையே கிடையாது. லைனின் எடைதான் பின்வீச்சில் ராடை வளைத்து, முன்வீச்சில் அந்த வளைவு நிமிரும்போது இறகையும் சுமந்துகொண்டு போகிறது. அமெரிக்கத் தூண்டில் கருவி உற்பத்தியாளர்கள் வகுத்த அளவுமுறைப்படி, நுனியில் உள்ள சிறு சமதடிப்புப் பகுதியை நீக்கிவிட்டு, முதல் 30 அடியின் எடையை வைத்தே எண் தரப்படுகிறது. கிரெய்ன் என்ற சிறிய எடையளவில், நான்காம் எண்ணுக்கு 120 கிரெய்ன், ஐந்துக்கு 140, ஆறுக்கு 160, ஏழுக்கு 185, எட்டுக்கு 210. ஆறாம் எண்ணை நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 10.4 கிராம், எட்டு கிரெய்ன் கூடினாலும் குறைந்தாலும் அதே எண்ணாகவே கொள்வார்கள்.

டிசம்பரில் ஏற்காட்டில் நண்பரின் காபித் தோட்டத்துப் புல்வெளியில் பழகத் தொடங்கினேன். ராடு குச்சியைப் போல் விறைத்து நின்றது; லைன் இருபதடியைத் தாண்டாமல் காலடியில் குவிந்தது. கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தபோது, "பழகப் பழகத் தானா வருமுங்க சார்" என்றார். நானும் என் மணிக்கட்டில்தான் குறை என்று நம்பினேன். பிப்ரவரி கடைசியில் பூலாம்பட்டிக் கரையில் நின்றபோது நிலைமை இன்னும் மோசமானது. வெயில் ஏற ஏற லைன் பிசுபிசுத்து, ராடில் அது ஓடும் வளையங்களில் ஒட்டியது. குளிர்ந்த நீருக்கென்று செய்த லைனின் பூச்சு நம் சமவெளி வெயிலில் இளகிவிடும். வெப்பப் பகுதிக்கென்று இறுகிய பூச்சுள்ள லைன் தனியாக உண்டு. கடையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெயில்தான் முழுக் காரணம் என்று எண்ணி, சோப்புத் தண்ணீரில் துடைத்துத் துடைத்தே இன்னும் சில வாரங்களைக் கழித்தேன். எடைக் குறை அதற்குள் மறைந்துகொண்டது.

மார்ச்சில் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் லைனைக் கொண்டுபோனேன். அவருடைய தராசு பத்து மில்லிகிராம் வரை காட்டும். நுனியை விட்டு, 9.14 மீட்டர் (30 அடி) அளந்து சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டோம். அந்தப் பகுதியைச் சுருட்டித் தட்டில் வைத்து, மிச்ச லைன் தட்டை இழுக்காமலும் அதன்மேல் பாரம் ஏற்றாமலும் இருக்க, தட்டின் மட்டத்துக்கே அட்டைப்பெட்டிகளை அடுக்கி அவற்றின்மேல் கிடத்தினோம். வெள்ளிப்பொடி மின்னும் விரலால் நண்பர் எண்ணைத் தொட்டுக் காட்டினார்: 7.86 கிராம். "பத்துக்கு மேல வரணும்னீங்க, எட்டே வரலைங்களே" என்றார். 7.86 கிராம் என்பது 121 கிரெய்ன். அப்பட்டமான நான்காம் எண். இப்போது பல நிறுவனங்கள் விறைப்பான ராடுகளுக்காக லைனைக் குறித்த எண்ணைவிட அரை எண், ஒரு எண் கனமாகவே செய்கின்றன, அதில் குற்றமில்லை. ஆனால் இரண்டு எண் குறைவது அந்த வகையில் சேராது.

அங்கேயே பெட்டியின் ஒட்டுத்தாளை ஈரத்துணியால் ஊறவைத்து உரித்தோம். அடியில் பெட்டியிலேயே அச்சாகியிருந்தது 'டி.டி. 4 எஃப்.', அதாவது இரு முனையும் ஒன்றுபோலச் சரிந்து நடுவில் ஒரே தடிப்பாக ஓடும் நான்காம் எண் லைன். விரலால் உருவிப் பார்த்திருந்தாலே எனக்குத் தெரிந்திருக்கும்: முன்பாகம் கனத்த லைன் சுமார் நாற்பதடிக்குப் பிறகு மெலிந்துவிடும், இது மெலியவே இல்லை.

கடைக்காரர் ஒட்டுத்தாள் தம்முடையதல்ல என்றார். ரீலில் சுற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது என்றார். ரசீதில் ஆறு என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எண்ணையும் வகையையும் ரசீதில் எழுதி வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பெட்டியில் ஒட்டுத்தாள் இருந்தால் கடையிலேயே உரித்துப் பாருங்கள். ரீலில் சுற்றுவதற்கு முன்பே நகைத் தராசில் நிறுத்துவிடுங்கள். சேலத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை.

வேறிடத்தில் வரவழைத்த வெப்பப் பகுதி லைனை அதே தராசில் நிறுத்தபோது 10.52 கிராம் காட்டியது. மறு ஞாயிறு பூலாம்பட்டியில் முதல் பின்வீச்சிலேயே ராடு கைப்பிடிவரை கனத்து வளைவதை உணர்ந்தேன். என் கையில் குறை இருக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தை அணுக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. உரித்த ஒட்டுத்தாளும், சிவப்பு முடிச்சு அவிழ்க்காத லைனும், தராசின் புகைப்படமும் ஒரே உறையில் பத்திரமாக இருக்கின்றன.