தண்ணீர் மாற்றிய மறுநாள் ஏன் சண்டை? ஏஞ்சல் மீன்களோடு இரண்டரை வருச அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் விசைப்படகு எஞ்சின் பார்ப்பது என் தொழில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறி நிற்கும். அந்த இரண்டு மாதமும் பட்டறைக்காரனுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. மீன்தொட்டியைப் பற்றி எழுத வந்தவன் இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. என் தொட்டியில் நடந்த முதல் பெரிய சண்டை ஒரு தடைக்காலத்தின் நடுவில்தான் நடந்தது. ஏன் நடந்தது என்று புரிய எனக்குப் பல மாதம் ஆனது.

தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மணலும் மரவேரும் போக சுமார் 220 லிட்டர் நிற்கும். இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஏர் பம்ப். எங்கள் வெக்கைக்கு ஹீட்டர் தேவைப்படவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் ஒரு ரூபாய் நாணய அளவில் ஆறு ஏஞ்சல் குஞ்சுகள் வாங்கி விட்டேன். மூன்று மாதத்தில் அதுகளுக்குள் ஒரு வரிசை வந்துவிட்டது. பெரியதை வீட்டில் எல்லாரும் நாட்டாமை என்று கூப்பிட்டோம். கடைசியில் ஒதுங்கி நின்றது பூஞ்சை. தீனி போட்டால் நாட்டாமை முதலில் வரும், பூஞ்சை கடைசியில் வரும். லேசாக ஒரு முட்டு, ஒரு துரத்தல். அதோடு சரி.

அந்த முதல் தடைக்காலத்தில் மூன்று வாரம் தொட்டிப் பக்கமே போகவில்லை. வீட்டில் தீனி மட்டும் போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் முக்கால்வாசித் தண்ணீரை இறக்கி, மணலைக் கிளறிக் கழுவி, மரவேரைத் தேய்த்துத் திருப்பி வைத்து, புதுத் தண்ணீர் நிரப்பினேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. சாயங்காலம் பார்த்தால் நாட்டாமையும் அடுத்த பெரியதும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு தொட்டி முழுக்க இழுபடுகின்றன. மற்றவை மூலைக்கு மூலை ஓடுகின்றன. திங்கட்கிழமை காலையில் பூஞ்சையின் வால் பாதி இல்லை. வியாழக்கிழமை அது செத்துப்போனது. அதைக் கையில் எடுத்தபோது என் மகள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

கடைக்காரர் சொன்னது, தண்ணீர் கெட்டுப்போனதால் மீனுக்கு எரிச்சல், இனிமேல் வாரம் தவறாமல் பாதி மாற்றுங்கள் என்று. அப்படியே செய்தேன். எங்கள் ஊரில் பாதி மாற்றுவது என்றால் லேசான காரியம் இல்லை. 110 லிட்டர், குடத்தில் ஏழெட்டு. போர் தண்ணீர் உப்பு. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் என் டிடிஎஸ் மீட்டரில் 1,800-க்குக் குறைந்து காட்டியதே இல்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில்தான் வரும், அதிலும் குளோரின். மணல் மேட்டில் ஊத்து தோண்டி எடுக்கும் தண்ணீர் இனிப்பாக இருக்கும், ஆனால் அதற்குப் பெண்கள் குடத்தோடு காத்துக் கிடக்கிற இடத்தில் மீனுக்கு என்று போய் நிற்க எனக்குக் கூச்சம். ஆளில்லாத மதிய நேரம் பார்த்துத்தான் போவேன். இவ்வளவு பாடுபட்டு வாராவாரம் பாதித் தண்ணீர் மாற்றியும் சண்டை நிற்கவில்லை.

பட்டறையில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு நோட்டு வைப்பது வழக்கம். எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது ஆயில் மாற்றினோம் என்று குறித்தால்தான் கோளாறு எங்கே என்று பிடிபடும். தொட்டிக்கும் ஒரு நோட்டு போட்டேன். காலையும் மாலையும் கால் மணி நேரம் உட்கார்ந்து எத்தனை தடவை துரத்துகிறது, எத்தனை தடவை கடிக்கிறது என்று கோடு கிழிப்பேன். இரண்டு மாதத்துக் கோடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஞாயிறு மாலையும் திங்களும் கோடு மண்டிக் கிடந்தது. புதன், வியாழனில் ஒன்றிரண்டுதான். சனிக்கிழமை, அதாவது தண்ணீர் இருப்பதிலேயே பழசாக இருக்கிற நாளில், தொட்டி அமைதி. கடைக்காரர் சொன்னதற்கு நேர் எதிர்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். மண்டபம் முகாமில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் நோட்டைக் காட்டினேன். நிதானமாகப் புரட்டிவிட்டுச் சொன்னார்:

"தம்பி, அழுக்காச்சுன்னு நீ மாத்துற. அதுகளுக்கு யாரு பெரியவன், யாரு சின்னவன்கிறதெல்லாம் அந்தத் தண்ணியிலதான இருக்கு. பாதிய அள்ளி வெளிய ஊத்திட்டா, மறுபடி மொதல்ல இருந்து தீத்துக்கணும்ல?"

"தண்ணியில எப்படிங்க மாமா இருக்கும்?"

"நம்ம ஊருணியில கெடக்குற ஜிலேபிய பாரு. ஆம்பளை ஜிலேபி எதிரி வந்தா மூத்திரம் விடும். அந்த வாடையிலயே எதிரி அடங்கிரும்."

ஜிலேபி, அதாவது திலாப்பியா, 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட மீன். தொடக்க காலத்திலேயே மண்டபத்திலும் வளர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறகு தேடிப் படித்தேன். போர்ச்சுகல் நாட்டு ஆய்வாளர்கள் இதே மொசாம்பிக் ஜிலேபியை வைத்து வேலை செய்திருக்கிறார்கள். அதிகாரம் உள்ள ஆண் மீனின் சிறுநீர்ப்பை தடித்துப் பலமாக இருக்கிறது. அது மோதலின்போது விடும் சிறுநீரில் உள்ள பொருள்கள் எதிரியின் மூர்க்கத்தைத் தணிக்கின்றன. ஏஞ்சலும் ஜிலேபியும் சிக்லிட் என்ற ஒரே குடும்பம். பிரேசிலில் நைல் ஜிலேபியை வைத்துத் தண்ணீர் மாற்றத்துக்கும் சண்டைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். 2018-இல் ஏஞ்சல் மீன்களையே வைத்துச் செய்தார்கள். கால்வாசி மாற்றுவதையும் பாதி மாற்றுவதையும் ஒப்பிட்டதில், குறைவாக மாற்றினால் கூட்டத்துக்குள் சண்டை கிளறுவது குறைவு என்று வந்தது. அதைப் படித்த இரவு என் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. குழாய் விடுகிறோம், கையை விடுகிறோம், தண்ணீர் மட்டம் இறங்குகிறது. அந்தப் பதற்றத்தில் சண்டை வந்திருக்கலாம் இல்லையா? ஒரு ஞாயிறு பாதித் தண்ணீரைச் சுத்தமான டப்பில் இறக்கி, பத்து நிமிடம் கழித்து அதே தண்ணீரைத் திரும்ப ஊற்றினேன். மீன்கள் அரை மணி நேரம் மிரண்டு நின்றன. மாலைக்குள் பழைய வரிசைக்குப் போய்விட்டன. அன்றைய கோடு நாலு. அடுத்த ஞாயிறு அதே அளவு, அதே நேரம், அதே வேகம், தண்ணீர் மட்டும் புதிது. மாலையில் கோடு 31. இதை மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்தேன். எண்கள் கூடக் குறைய இருந்தாலும் எந்த நாளில் சண்டை என்பதில் மாற்றம் இல்லை. ஒரு வீட்டுத் தொட்டியில் பார்த்தது இது, அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அதன்பிறகு முறையை மாற்றினேன். வாரம் இரண்டு தடவை, தடவைக்கு ஒரு 20 லிட்டர் கேன். அவ்வளவே. தொட்டியில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு மாதத்தில் பழைய தண்ணீரில் பாதிக்கு மேல் வெளியே போய்விடும். மீனுக்கு அது தெரியாமல் போகும், அதுதான் வித்தியாசம். புதுத் தண்ணீரை முதல் நாள் இரவே கேனில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு வைத்துவிடுவேன். குளோரின் பறந்துவிடும், தண்ணீரின் சூடும் அறையோடு ஒத்துப்போகும். பிறகு கேனை ஸ்டூல் மேல் வைத்து, ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக இறக்குவேன். முழுக் கேனும் இறங்க மூன்று மணி நேரம் ஆகும். மரவேரையும் கல்லையும் தொடுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு மீனின் எல்லை. மணலில் ஒரு பக்கம் மட்டும் உறிஞ்சி எடுப்பேன், மறுபக்கம் அடுத்த வாரம். ஸ்பாஞ்சைத் தொட்டியில் இருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து கழுவுவேன், இரண்டையும் ஒரே நாளில் கழுவ மாட்டேன்.

முதல் மாதத்திலேயே கோடுகள் சரிந்தன. ஒரு நாளைக்கு ஐந்தைத் தாண்டுவது அபூர்வம். வாய்ச்சண்டை ஒன்றரை வருசத்தில் இரண்டே தடவை. கிழிந்த துடுப்புகள் வளர்ந்துவிட்டன.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டியிருந்தது. ஆவியாகித் தண்ணீர் வேகமாக இறங்கும். மட்டம் குறைந்ததே என்று போர் தண்ணீரை ஊற்றினால், ஆவியானது வெறும் தண்ணீர், சேர்வது உப்பு. ஆரம்பத்தில் 350-இல் இருந்த டிடிஎஸ் எனக்குத் தெரியாமலே 700-ஐத் தாண்டியிருந்தது. ஈடுகட்டும் தண்ணீர் ஊத்துத் தண்ணீராகவோ ஆர்ஓ தண்ணீராகவோ இருக்க வேண்டும். ஏறிய உப்பை இறக்குவதும் மெதுவாகத்தான். ஒரே நாளில் இறக்கினால் மீன் தாங்காது.

இதைப் படித்துவிட்டு யாரும் தண்ணீர் மாற்றுவதை நிறுத்திவிடக் கூடாது என்பதில் எனக்குக் கவலை உண்டு. தீனியும் கழிவும் சேர்ந்து அம்மோனியா உண்டாகும், அது நைட்ரைட்டாகி, பிறகு நைட்ரேட்டாகும். அம்மோனியாவோ நைட்ரைட்டோ சோதனையில் தெரிந்தால் சண்டையைப் பற்றி யோசிக்காமல் உடனே அதிகமாக மாற்றத்தான் வேண்டும். எங்கள் ஊர்த் தண்ணீரில் பிஹெச், அதாவது காரத்தன்மை, கூடுதல். பிஹெச் கூடக் கூட அம்மோனியாவின் விஷம் கூடும். நீண்ட நாள் கவனிக்காத தொட்டியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பிஹெச் இறங்கி அம்மோனியா அடங்கிக் கிடக்கும். திடீரென்று புதுத் தண்ணீரை ஊற்றினால் பிஹெச் ஏறி அது விஷமாக மாறும். என் பூஞ்சைக்குக் கடியோடு இதுவும் சேர்ந்திருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்று சோதனைப் பெட்டி என்னிடம் இல்லை.

அவசரத்துக்கு அதிகமாக மாற்ற வேண்டி வந்தால் அன்று முழுக்க விளக்கைப் போடாதீர்கள். தீனியைத் தொட்டியின் இரண்டு பக்கமும் பிரித்துப் போடுங்கள். என் அனுபவத்தில் இந்த இரண்டும் பாதிச் சண்டையைக் குறைத்தன.

இந்த முறை கைகொடுக்காத இடமும் உண்டு. நாட்டாமை ஜோடி சேர்ந்து ஃபில்டர் குழாயில் முட்டை ஒட்டியபோது, தொட்டியின் முக்கால் பங்கை இரண்டுமாகப் பிடித்துக்கொண்டன. மற்ற மூன்றும் ஒரு மூலையில் நெருங்கி நின்றன. முட்டை போட்ட சிக்லிட்டுக்குக் காவல்தான் வேலை. தண்ணீரைக் கொண்டு அதைச் சமாளிக்க முயன்று நான்கு நாள் வீணாக்கினேன். கடைசியில் ஜோடியை இரண்டடித் தொட்டிக்கு மாற்றினேன். நாட்டாமை போன பிறகு மிச்ச மூன்றில் புது வரிசை ஏற்பட ஒரு வாரம் பிடித்தது. அதேபோல் சின்னத் தொட்டியில் மீனை அடைத்து வைத்துவிட்டுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மட்டும் ஒன்றும் ஆகாது.

செலவு பெரிதில்லை. ஒரு கேன், கொஞ்சம் டியூப், டிடிஎஸ் மீட்டர், அம்மோனியா சோதனைப் பெட்டி. இவற்றில் பெட்டிதான் விலை கூட, ஆனால் அதை முதலில் வாங்கச் சொல்வேன். ஏழெட்டுக் குடம் சுமந்த முதுகுக்கு ஒரு கேன் பெரிய ஆறுதல். கோடையில் அக்கம்பக்கத்தில் தண்ணீருக்கு அலையும்போது என் வீட்டில் மீனுக்குக் குடம் குடமாக ஊற்றுகிறோம் என்ற உறுத்தலும் இல்லை. வெளியே எடுக்கும் தண்ணீர் முருங்கைக்கும் வாழைக்கும் போகிறது.

இந்த வருசத் தடைக்காலம் போன மாதம்தான் முடிந்தது. 14 படகு எஞ்சின் இறக்கி ஏற்றினேன். பல நாள் வீடு வந்து சேர இரவு பதினொன்றாகிவிடும். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள்தான் தொட்டியைப் பார்த்துக்கொண்டாள். முடிச்சைத் தளர்த்தி இறுக்கக் கற்றுக்கொடுத்திருந்தேன். ஜூன் 15 காலையில் படகுகளைக் கடலுக்கு அனுப்பிவிட்டு வந்து நோட்டைப் புரட்டினேன். ஒரு தேதிகூட விடுபடவில்லை. புதனும் ஞாயிறும் ஒவ்வொரு கேன். கோடுகள் ஒன்று, இரண்டு, பூச்சியம், மூன்று. மே மாதத்தில் ஒரு நாளுக்கு எதிரே மட்டும் அவள் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: "கேன் சாய்ந்து மொத்தமும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டது. ஒன்பது கோடு. மறுநாள் சரியாகிவிட்டது."