திரையில் வரும் எண்ணுக்குப் போன் போடாதீர்கள், என் 7,499 ரூபாய் போய்விட்டது

7,499 ரூபாய். கணினித் திரையில் வந்த போலி வைரஸ் எச்சரிக்கையை நம்பி, ஞாயிறு சாயங்காலம் என் கையாலேயே யுபிஐ பின் எண் போட்டு அனுப்பினேன். இன்று புதன். பணம் திரும்ப வரும் வழியைக் காணோம். பக்கத்து வீட்டுக் கணினியிலும் அதே சிவப்புக் கட்டம் வருகிறது என்று காலையில் சொன்னார்கள். அதனால்தான் ஆத்திரம் அடங்கும் முன்பே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் பழைய வினாத்தாள் தேடி ஏதோ ஒரு தளத்துக்குள் போயிருக்கிறான். 'நீங்கள் ரோபோ இல்லையென்றால் அலவ் அழுத்துங்கள்' என்று வந்ததாம், அழுத்திவிட்டான். மறுநாளிலிருந்து திரையின் வலது கீழ் மூலையில் 'ஐந்து வைரஸ் உள்ளது' என்று சிவப்பாக வந்துகொண்டே இருந்தது. ஞாயிறன்று அதைத் தொட்டதும் திரை முழுக்கச் சிவந்து சைரன் அலறியது. மூடப் பார்த்தேன், மூடவில்லை. நடுவில் ஒரு போன் நம்பர். வெளியே மழை, மூடுபனி. அந்த நேரத்தில் குன்னூர் பஸ் ஸ்டாண்டு வரை இறங்கி ரிப்பேர் கடை தேட முடியாது. போன் போட்டேன்.

எடுத்தவன் நல்ல கோயம்புத்தூர்த் தமிழில் பேசினான். "அக்கா, பயப்படாதீங்க. ஸ்விட்ச் ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க, உள்ளே இருக்கிற போட்டோ எல்லாம் அழிஞ்சிடும்" என்றான். ஊர் கேட்டான். குன்னூர் என்றதும், "அங்கே இப்போ நல்ல குளிரா இருக்குமே அக்கா" என்றான். அந்தப் பேச்சில்தான் நம்பிவிட்டேன். போன வருடம் தவறிப்போன அம்மாவின் படங்கள் எல்லாம் அந்தக் கணினியில்தான் இருக்கின்றன. அவன் சொன்ன செயலியை இறக்கி, அதில் காட்டிய எண்ணைச் சொன்னேன். அவன் இருந்த இடத்திலிருந்தே என் கணினியை இயக்க விடும் செயலி அது. மவுஸ் அம்பு தானாக நகர ஆரம்பித்தது. ஈவென்ட் வியூவர் என்று ஒன்றைத் திறந்து, சிவப்பும் மஞ்சளுமாக வரிசை வரிசையாகக் காட்டி, "இத்தனையும் வைரஸ்" என்றான். கணினி தன் சின்னச் சின்னத் தடங்கல்களைக் குறித்து வைக்கும் இடம் அது, நன்றாக ஓடும் விண்டோஸிலும் அப்படித்தான் இருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. மூன்று வருட ஆன்டிவைரஸ், 7,499 ரூபாய். அனுப்பினேன். திரை பச்சையானது. அவனுக்கு நன்றி வேறு சொன்னேன். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

திங்கள் காலை மறுபடி சிவப்பு. கூப்பிட்டால் ஒரு பெண், "சர்வர் அப்டேட் நடக்குது, மதியம் சரியாயிடும்" என்றாள். மதியம் வேறொருவன், "உங்க பிளான்ல ஃபயர்வால் சேரலை, இன்னும் 4,000 கட்டணும்" என்றான். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க." யாரும் கூப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு முறை மணி அடித்ததும் கட் செய்தார்கள், அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். வங்கியில் கேட்டால், "நீங்களே பின் போட்டு அனுப்பியதுதானே" என்கிறார்கள்.

நேற்று இரவு கோவையில் படிக்கும் அண்ணன் மகன் போனிலேயே சொல்லிச் சொல்லிச் சரிசெய்தான். முதலில் நெட்டைத் துண்டித்து, அவர்கள் ஏற்றிய இரண்டு செயலிகளையும் நீக்கினோம். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குள் அந்த வினாத்தாள் தளத்தின் பெயர் இருந்தது. அதை எடுத்ததும் சிவப்புக் கட்டம் நின்றுவிட்டது. ஆரம்பத்தில் வைரஸே இல்லை, அந்தத் தளம் அனுப்பிய அறிவிப்புதான். ஒரு நிமிட வேலைக்கு 7,499 ரூபாய்! கடைசியாக, விண்டோஸோடு இலவசமாகவே வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டினோம். கணினி அணைந்து எழுந்து கால் மணி நேரம் ஓடியது. அவர்கள் போட்ட 'ஆன்டிவைரஸ்' விட்டுப்போன மிச்சத்தைத்தான் அது பிடித்தது.

எல்லாவற்றையும் விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. இதை மட்டும் மனதில் வையுங்கள். மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையில் போன் நம்பர் வராது. திரை மூடாவிட்டால் எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிடுங்கள், படங்கள் அழியாது. மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். யாரையாவது உள்ளே விட்டுவிட்டீர்கள் என்றால் பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் போனால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்கள். அந்தக் கம்பெனி சரிசெய்து கொடுக்கும் என்று காத்திருந்து நான் இரண்டு நாளை விட்டுவிட்டேன், அதற்குள் பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ.

புகாருக்காக யுபிஐ ரசீதை எடுத்துப் பார்த்தேன். 7,499 ரூபாய் போயிருப்பது எந்தக் கம்பெனிக்கும் அல்ல, யாரோ ஒரு தனி ஆளின் பெயருக்கு. அனுப்பும் முன்பே அந்தப் பெயர் திரையில் வந்தது. அதைப் படிக்காமல் பின் போட்டேன்.