வெப்லி ரிவால்வரும் ஓசியில் வந்த ஐம்பது தோட்டாவும்

டெக்சஸில் கன் ஷோவுக்கு, அதாவது துப்பாக்கிச் சந்தைக்கு, போய்வரும் நம்மாட்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பழைய பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வர் மேல் ஆசை உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு 650 டாலர் போனது. கை தப்பியது.

போன மார்ச்சில் ஒரு ஷோவில் கடைசி வரிசை மேஜையில் வெப்லி மார்க் 6 ஒன்றைப் பார்த்தேன். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது இதுதான். 6 அங்குலக் குழல், கைப்பிடி அடியில் கயிறு கட்ட ஒரு வளையம். கட்டைவிரலால் பக்கவாட்டு நெம்பை அழுத்தினால் நடுவில் மடிந்து திறக்கும். சுட்ட தோட்டாக்களின் ஆறு காலிக் கூடுகளும் ஒன்றாக எழும்பி நிற்கும். அதை ஒருமுறை மடித்துப் பார்த்தவன் காசைக் கொடுக்காமல் திரும்புவது கஷ்டம்.

விற்றவருக்கு எழுபது வயதிருக்கும். தன்மையான பேச்சு. ‘இது ஆன்டிக். சிலிண்டரை ஏசிபிக்கு மாற்றியாயிற்று. எந்தக் கடையில் கிடைக்கும் .45 ஏசிபி போட்டாலும் சுடும்’ என்றார். சிலிண்டர் என்பது ஆறு தோட்டா போடும் சுழல் உருளை; ஏசிபி அமெரிக்கக் கைத்துப்பாக்கித் தோட்டா; இந்த ரிவால்வரின் அசல் தோட்டா .455. நான் தயங்குவதைப் பார்த்து, ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து வைத்தார். மாஸ்கிங் டேப்பில் ‘455 லைட்’ என்று பேனாவில் எழுதியிருந்தது. தானே ரீலோட் செய்ததாம், அதாவது பழைய கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்தது; 50 தோட்டா, ஓசி. நான் மயங்கியது அந்த ஓசியில்தான்.

ஆன்டிக் என்றதே முதல் பொய். அமெரிக்கச் சட்டத்தில் 1898 முடிவதற்குள் செய்ததுதான் ஆன்டிக். மார்க் 6 ராணுவத்தில் சேர்ந்ததே 1915இல். என் துப்பாக்கியின் இடது பக்கத்தில் 1917 என்று கொட்டையாகப் பொறித்திருக்கிறது. மேஜை முன் நின்றபோது அதையும் பார்த்தேன், தலையையும் ஆட்டினேன். என்னைச் சொல்ல வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் ரேஞ்சுக்குப் போனேன். ஓசிப் பெட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைத் தோட்டாவையே எடுத்துப் போனேன். குண்டின் எடை 230 கிரெயின் (சுமார் 15 கிராம்), ஆலையில் செய்த சாதாரணத் தோட்டா. முதல் ஆறு நன்றாகப் போனது. மூன்றாவது சுற்றில் திறந்தபோது கூடுகள் எழும்பவில்லை. உள்ளங்கையால் குழலைத் தட்டி மடிக்க வேண்டியிருந்தது. கூட்டின் பின்பக்கம் ப்ரைமர்கள், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடிகள், ஓரம் தெரியாமல் தட்டையாகியிருந்தன; அழுத்தம் அதிகம் என்பதற்கு அடையாளம் அது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். பழசு, அழுக்காக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு 36 வரை சுட்டேன். கடைசியில் குழலைப் பிடித்து ஆட்டினால் பூட்டுக்கு மேலே லேசாக ஆடியது. வாங்கிய அன்று அந்த ஆட்டம் கிடையாது.

துப்பாக்கி பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சிலிண்டரைக் கழற்றி மைக்ரோமீட்டர் வைத்து அளந்தார். இரண்டு அறைகள் வெளிப்பக்கம் மயிரிழை அளவு உப்பியிருந்தன. பிறகு லென்ஸைக் கொடுத்து ஒரு சின்ன முத்திரையைக் காட்டினார். 6 டன். பிரிட்டனிலிருந்து உபரியாக விற்கும்போது சோதனைச் சாலையில் போட்ட முத்திரை. சதுர அங்குலத்துக்கு 6 டன் அழுத்தம் வரை உள்ள தோட்டாவைத்தான் இதில் சுடலாம் என்று அர்த்தம். பிரிட்டிஷ் டன்னுக்கு 2240 பவுண்ட்; பெருக்கினால் 13,440. .45 ஏசிபிக்கு அமெரிக்காவில் அனுமதித்த உச்சம் 21,000 பவுண்ட். இரண்டையும் அளக்கும் முறை வேறுதான், ஆனாலும் அந்த இடைவெளியை முறை வித்தியாசம் அடைக்காது. நான் அழுத்திய ஒவ்வொரு விசையும், சோதனைச் சாலையில் ஒரு துப்பாக்கிக்கு ஆயுளில் ஒருமுறை கொடுக்கும் அதிகப்படிச் சோதனைக்கு ஏறக்குறைய சமம்.

அசல் .455 தோட்டா அவ்வளவு சாது. 265 கிரெயின் ஈயக்குண்டு, நொடிக்கு சுமார் 600 அடி. பெரிய குண்டு, மெதுவான ஓட்டம். உள்ளே இருந்தது கார்டைட், நூல் நூலாக இருக்கும் மருந்து. ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு அருவங்காடு ஸ்டேஷன் தெரியும்; அங்கே உள்ள வெடிமருந்து ஆலையை இன்றும் கார்டைட் ஃபேக்டரி என்றுதான் சொல்கிறார்கள்.

பிறகு ஏன் இது ஏசிபிக்கு மாறியது? இரண்டாம் போருக்குப் பின் இந்த ரிவால்வர்கள் அமெரிக்காவுக்கு மலிவாக வந்து குவிந்தன. .455 தோட்டா கிடைப்பது அரிது. ராணுவ உபரி .45 ஏசிபியோ எங்கும் கிடைத்தது. இறக்குமதி செய்தவர்கள் சிலிண்டரின் பின்பக்கத்தைக் கொஞ்சம் இழைத்துவிட்டார்கள். ஏசிபிக்கு விளிம்பு கிடையாது, அதனால் அரை நிலா வடிவ கிளிப்பில் மூன்று மூன்றாகச் செருகிப் போட வேண்டும். இழைத்ததால் அந்த கிளிப்புக்கு இடம் கிடைத்தது. எஃகு கூடியதா என்றால் இல்லை. உள்ளே போவது வேறு, தாங்குவது வேறு. இன்னொன்று: இழைத்த சிலிண்டரில் அசல் .455 தோட்டாவைப் போட்டால் பின்னால் இடைவெளி விழுந்து பல சமயம் வெடிக்காது. கிளிப்போடு ஒரு வெப்லியைக் கொடுத்தாலே இழைத்தது என்று புரிந்துகொள்ளுங்கள். இழைக்காததற்கு விலை தனி.

இதையெல்லாம் கேட்ட பிறகுதான் அந்த ஓசிப் பெட்டி ஞாபகம் வந்தது. கூடுகள் .45 ஆட்டோ ரிம். 1920இல் வந்தது, கனத்த விளிம்பு இருப்பதால் கிளிப் வேண்டாம். அதில் மருந்தைக் குறைத்து, மிருதுவான ஈயக்குண்டு வைத்து, .455இன் அழுத்தத்துக்குள் ரீலோட் செய்வது இழைத்த வெப்லி வைத்திருப்பவர்களின் பழக்கம்தான். யோசனையில் தப்பில்லை. செய்தவர் யார் என்பதுதான் கேள்வி.

கராஜில் உட்கார்ந்து, சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லரால் தட்டித் தட்டிப் பன்னிரண்டு தோட்டாக்களைப் பிரித்தேன். ஒவ்வொன்றின் மருந்தையும் தராசுத் தட்டில் கொட்டினேன். பத்தில் ஏறக்குறைய ஒரே எடை. பதினொன்றாவதில் அடியில் ஒட்டியிருந்த தூசு மட்டும். அதைச் சுட்டிருந்தால் ப்ரைமரின் வேகத்தில் குண்டு குழலின் பாதிவரை போய் நின்றிருக்கும். ‘டப்’ என்று சின்னச் சத்தம் வரும், அவசரக்காரன் அடுத்ததையும் சுடுவான், குழல் பிளக்கும். பன்னிரண்டாவதைக் கொட்டியபோது தட்டில் குவியல் வேறு மாதிரி தெரிந்தது. சரியாக இரண்டு பங்கு.

மருந்தைக் குறைத்தவர்கள் அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். வேகமாக எரியும் மருந்து கூட்டின் அடியில் கொஞ்சூண்டு இடத்தைத்தான் பிடிக்கும். மருந்தை அளந்து கொட்டும் கருவியின் நெம்பை மறந்து இரண்டாம் தரம் இழுத்தாலும் வழியாது, குண்டு அதன்மேல் அழகாக உட்கார்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் லட்டு மாதிரி ஐம்பதும் ஒன்றுபோல இருக்கும். முழுத் தோட்டாவை எடை போட்டாலும் பிடிபடாது. கூட்டுக்கும் குண்டுக்கும் உள்ள சில்லறை எடை வித்தியாசத்தில் அந்த மருந்து ஒளிந்துகொள்ளும். நம்மூரில் நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்து கெட்டித்தவர்கள்கூட அடுத்தவன் கெட்டித்ததைச் சுட மாட்டார்கள்.

விற்றவருக்குப் போன் செய்தேன். ‘ஷோவில் விற்றது விற்றதுதான், நூறு வருஷச் சாமானுக்கு கேரண்டி கேட்கிறாயா’ என்றார். தோட்டா விஷயத்தைச் சொன்னதும், ‘ஓசியாகக் கொடுத்ததற்கு நான் என்ன பொறுப்பு’ என்றார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. ரொக்கமாகக் கொடுத்தேன், ரசீது வாங்கவில்லை. அதனால் வேறு வழியும் இல்லை.

மிச்சம் 38 தோட்டாவையும் உட்கார்ந்து பிரித்தேன். இன்னொரு இரட்டைப் பங்கு இருந்தது. மருந்தைப் புல்தரையில் தூவியபோது மனைவி, ‘செடிக்கு உரமா?’ என்று கேட்டாள். ரிவால்வர் இப்போது பெட்டியில் பார்வைக்கு மட்டும். இழைக்காத அசல் சிலிண்டர் கிடைத்தால் மாற்றிக்கொண்டு, இத்தாலியின் ஃபியோக்கி விற்கும் .455 தோட்டாவைச் சுடலாம் என்று இருக்கிறேன்.

போன மாதம் அதே ஷோவுக்குப் போயிருந்தேன். அதே மேஜை, வேறொரு மார்க் 6, பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிய பெட்டி. ஒரு பையன் கையில் வைத்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய், சிலிண்டர் கிளிப்புக்காக இழைத்தது என்பதைக் காட்டி, கடை ஏசிபி போடாதே, அந்தப் பெட்டியைத் தொடாதே என்று சொன்னேன். பெரியவர் என்னை அடையாளம் கண்டும் காணாததுபோலக் காப்பியைக் குடித்தார். பையன் யோசித்துவிட்டுத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டுதான் போனான். பெட்டியை மட்டும் வேண்டாமென்று மேஜையிலேயே வைத்துவிட்டான்.