தவளைத் தோலில் மாதிரி எடுக்க இந்த ஸ்வாப் எப்படி?

காட்டுத் தவளைகளின் தோல் பாக்டீரியாவை எடுக்க நான் பயன்படுத்துவது ரேயான் முனையும் பிளாஸ்டிக் தண்டும் உள்ள உலர் ஸ்வாப், அதாவது மாதிரியைத் தேய்த்து எடுக்கும் குச்சி. மரத்தண்டு ஸ்வாப் கையில் இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். அதிலிருந்து கசிவது, டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆரைக் கெடுக்கலாம்.

முனையில் குறையே இல்லை. சின்ன மரத்தவளையின் வயிறு, தொடை, பின்கால் விரலிடைச் சவ்வு என்று தேய்த்தும் நார் பிரியவில்லை, தோலும் சிவக்கவில்லை. தண்டை முறிப்பதற்கான கீறல், மாதிரியைப் போட்டு மூடும் டியூப் உயரத்துக்குச் சரியாக இருக்கிறது. ஒரு கையில் நழுவும் தவளையோடு நிற்கும்போதுதான் அந்த அருமை தெரியும். பிடி இறுகவும் கூடாது, விடவும் கூடாது!

உறைதான் படுமோசம். ஈரக்காற்றில் காகிதம் நமுத்துவிடுகிறது, பிரிப்பதற்குள் முனை கையுறையில் பட்டுவிடுகிறது. பட்டால் அது குப்பைக்குத்தான்.

உறைமேல் 'ஸ்டெரைல்' என்று போட்டிருப்பதை நம்பி இருந்துவிடவும் முடியாது. உயிருள்ள பாக்டீரியா இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். செத்தவற்றின் டிஎன்ஏ இருக்கலாம். எந்தெந்த பாக்டீரியா என்று 16எஸ் மரபணுவை வைத்து அறியும் 16எஸ் வரிசைப்படுத்தல் அதையும் சேர்த்தே படிக்கும். என் பெட்டியில் எதையும் தொடாத வெற்று ஸ்வாபிலும் கொஞ்சம் வந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு வெற்று ஸ்வாப் கட்டாயம் வையுங்கள்.

இவ்வளவு கறாராகப் பார்க்கக் காரணம் உண்டு. குளத்திலிருந்து எடுத்த தவளைமேல் குளத்து நீரும் ஒட்டியிருக்கும். சுத்திகரித்த நீரில் அலசிய பிறகே தேய்க்க வேண்டும். அப்படி எடுத்தால், நீரில் அரிதாக இருக்கும் சில பாக்டீரியாக்கள் தோலில் கொடிகட்டிப் பறப்பது தெரியும். ஒரே குளத்தில் இரண்டு தவளை இனங்களுக்கு வெவ்வேறு பாக்டீரியாக் கூட்டம். ஒரே இனத்துக்கும் குளம் மாறினால், குளிர் மாறினால் கூட்டம் மாறும். மண்ணே இல்லாத தொட்டியில் வளர்த்த சாலமாண்டர்களின் தோலில் வகைகள் குறைந்துபோனதாக ஆய்வு இருக்கிறது. இது வெறும் கணக்கெடுப்பு அல்ல: ஜாந்தினோபாக்டீரியம் லிவிடம் போன்ற தோல் பாக்டீரியாக்கள் சுரக்கும் வயலசீன் என்ற ஊதா நிறமி, தவளைகளைக் கொல்லும், 1999-இல் பெயரிடப்பட்ட கைட்ரிட் பூஞ்சையை அடக்குகிறது. அந்தப் பூஞ்சைக்கான சோதனையையும் இதே ஸ்வாபில் பிரித்த டிஎன்ஏவிலேயே முடித்துக்கொள்ளலாம். தவளையை இன்னொரு முறை தேய்க்க வேண்டாம்.

வாங்கலாம். ஆனால் மொத்தத் தேவையையும் ஒரே லாட் எண்ணில், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியில், கேட்டு வாங்குங்கள். ஒரு குளத்துக்கு ஒரு லாட், இன்னொன்றுக்கு வேறு லாட் என்று போனால், வித்தியாசம் குளத்தால் வந்ததா பெட்டியால் வந்ததா என்று பிறகு பிரிக்கவே முடியாது.