சுட்ட கைக்கு முதலில் எது: தண்ணீரா, தோசை மாவா, களிம்பா?

வடை பொரிக்கும் எண்ணெய் ஏறத்தாழ 170 முதல் 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. 70 டிகிரிச் சூடு ஒரு நொடி பட்டாலே தோல் ஆழமாக வெந்துபோகக்கூடும். குக்கர் ஆவி இன்னும் பொல்லாதது. அது தோலில் பட்டு நீராக மாறும்போது தன்னுள் அடங்கிய வெப்பத்தையும் சேர்த்து இறக்கிவிடுகிறது. கையை உதறி எடுத்த பிறகும் அந்த வெப்பம் தோலுக்குள் தங்கி வேலை செய்துகொண்டே இருக்கும். தீக்காயத்தை மூன்று வளையங்களாகப் பிரித்து 1953-இல் ஜாக்சன் என்னும் அறுவை மருத்துவர் விளக்கினார்: நடுவில் செத்துப்போன திசு, அதைச் சுற்றி இரத்த ஓட்டம் குன்றிப் பிழைக்குமா சாகுமா என்று நிற்கும் திசு, வெளியே வெறுமனே சிவந்த தோல். வீட்டு வைத்தியம் எதுவானாலும், அந்த இரண்டாம் வளையத்தைக் காப்பாற்றுகிறதா என்பதைக் கொண்டே அதை எடைபோட வேண்டும்.

அந்தக் கணக்கில் ஓடும் குழாய்த் தண்ணீருக்கு நிகராக அடுக்களையில் வேறொன்றும் இல்லை. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட்டு, சன்னமாக விழும் நீரில் 20 நிமிடம் கையைக் காட்ட வேண்டும். எரிச்சல் சற்றே அடங்கியதும் குழாயை மூடிவிடுவது நம்மிடையே பரவலான பழக்கம். தோலின் அடிப்பகுதி ஆறுவதற்கு அந்தச் சில நிமிடங்கள் போதா. உடனே செய்யத் தவறியிருந்தாலும், சுட்ட மூன்று மணி நேரத்துக்குள் குளிர்விப்பதில் பலன் உண்டு. மே மாதத்து மொட்டைமாடித் தொட்டி நீர் கொதிக்கக் கொதிக்க வருமானால், கீழ்த்தொட்டி நீரையோ மண்பானை நீரையோ மொண்டு ஊற்றலாம். தண்ணீர் தட்டுப்பாடான வீட்டில் வாளி நீரில் கையை அமிழ்த்தி, நீர் வெதுவெதுப்பானால் மாற்றிக்கொள்ளலாம்.

தண்ணீர் பட்டால் கொப்புளம் போடும் என்று தடுக்கிற பெரியவர்கள் இன்றும் பல வீடுகளில் இருக்கிறார்கள். வெப்பத்தால் மேல்தோல் பிரிந்து, அந்த இடைவெளியில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிவதால்தான் கொப்புளம் எழுகிறது. தண்ணீர் ஊற்றாவிட்டாலும் அது எழும்; ஊற்றிய பிறகு எழுந்தால் பழி தண்ணீர் மேல் விழுகிறது. எழுந்த கொப்புளத்தை ஊசியால் குத்தாமல் விட்டால், அதுவே கிருமி புகாத இயற்கையான மூடியாக இருக்கும்.

பனிக்கட்டி தண்ணீரைவிட வேகமாக மரத்துப்போகச் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஏற்கெனவே இரத்தத்துக்கு ஏங்கும் இரண்டாம் வளையத்தை மேலும் பட்டினி போடுகிறது. வேண்டவே வேண்டாம்.

தோசை மாவு, பற்பசை, பேனா மை, மஞ்சள், நெய் ஆகியவற்றை ஒரே தட்டில் வைக்கலாம் என்றாலும் அவற்றின் குறைகள் ஒன்றல்ல. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாவு இதமாக இருப்பதற்கு அதிலுள்ள குளிர்ந்த ஈரமே காரணம். காய்ந்ததும் அது புண்ணோடு ஒட்டிக்கொள்ளும், புளித்த மாவிலோ நுண்ணுயிர்களுக்குப் பஞ்சமில்லை. பற்பசையின் புதினாக் குளிர்ச்சி நரம்புக்குத் தோன்றும் உணர்வு மட்டுமே, தோலின் சூடு அதனால் பெரிதாக இறங்குவதில்லை. நெய்யும் எண்ணெயும் வெப்பத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். மையும் மஞ்சளும் நிறத்தால் புண்ணை மறைப்பதால், சிவப்பா வெளுப்பா என்று பார்த்து ஆழத்தைக் கணிக்க வேண்டிய மருத்துவர் முதலில் அதைக் கழுவ வேண்டியிருக்கும். அந்த வலி நோயாளிக்குத்தான்.

தேனும் கற்றாழையும் சற்று மரியாதைக்குரியவை. ஆழமில்லாத தீப்புண்ணைத் தேன்கட்டு சில வழக்கமான கட்டுகளைவிடச் சில நாட்கள் முன்னதாகவே ஆற்றுவதாக 2015-இல் வெளியான காக்ரேன் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. ஆனால் காயத்துக்கு என்றே கிருமி நீக்கித் தயாரிக்கும் மருத்துவத் தேனைத்தான் நம்பலாம், சமையலறைப் புட்டித் தேனை அல்ல. கற்றாழைச் சோறு, வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிய பின், தோல் உரியாத சிவப்புக்கு மட்டும், அதுவும் குளிர்வித்த பிறகு ஏற்றது.

களிம்புகளில், பர்னால் போன்ற மஞ்சள் களிம்பு கிருமிநாசினியே தவிரச் சூட்டைத் தணிப்பதன்று. சில்வர் சல்ஃபாடயசின் கலந்த வெள்ளைக் களிம்பு மருந்துக்கடையில் கேட்டதும் கிடைத்தாலும், மேலோட்டமான புண் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்து. மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் போடலாம்.

குளிர்வித்த கையை மூடுவதற்குப் பஞ்சு கூடாது, இழைகள் ஒட்டும். சுத்தமான பிளாஸ்டிக் பையைக் கையில் தளர்வாக மாட்டினாலே காற்றுப்பட்டு எரிவது குறையும். பல நாள் கட்டுக்குப் பாரஃபின் தடவிய வலைத்துணி நல்லது. விரல்களைத் தனித்தனியே சுற்ற வேண்டும். வேறு தடை இல்லாத பெரியவர்களுக்கு வலிக்குப் பாரசிட்டமால் போதும்; கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைத்தால் வீக்கமும் விண்விண்ணென்று தெறிப்பதும் குறையும்.

காயம் அடிபட்டவரின் உள்ளங்கை அளவைத் தாண்டினாலோ, மூட்டுகளின் மேலோ விரலைச் சுற்றி வளையமாகவோ இருந்தாலோ, வெளுத்தும் கருகியும் வலியே இல்லாமல் இருந்தாலோ, சுட்டுக்கொண்டவர் குழந்தையாகவோ சர்க்கரை நோயாளியாகவோ இருந்தாலோ, வீட்டு வைத்தியத்தைத் தண்ணீரோடும் மூடியோடும் நிறுத்திக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். குறிப்பாக, வலியில்லாத வெளுப்பைக் கண்டு நிம்மதி அடைய வேண்டாம். நரம்பு முனைகளும் வெந்துபோனதால்தான் அங்கே வலி தெரிவதில்லை. போகும்போது, தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள். தீக்காயத்திலும் டெட்டனஸ் வரும் என்பதால் அந்தத் தேதியைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.